நெட்டையனை பாயின்ட் கார்டாக ஆடவிட்ட கதை

பஸ்ஸர்பீட்டர் என்ற இணையக் கூடைப்பந்து மேனேஜர் விளையாட்டில் பயிற்சி என்றால் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, பலன் வரும் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும். பட்டன் வேலை அரை நிமிடம்தான். மற்றதெல்லாம் நாம் வளர்க்கும் பையனுக்கு ஒரு முழு ஆட்டத்தின் 48 நிமிடத்தையும் வாங்கிக்கொடுக்கப் படும் அல்லாட்டம்.

எனக்கு இந்தக் கூடைப்பந்துக் கிறுக்கு பிடித்தது 2017இல். இங்கே பெங்களூருவில் கண்டீரவா உள்விளையாட்டரங்கில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையில், பி பிரிவு இறுதியாட்டத்தில் நம் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்தினார்கள். கையில் பந்து எடுத்து ஆடும் வயதெல்லாம் எப்போதோ போய்விட்டது. அதனால் இணையத்தில் அணி நடத்துவதோடு சரி.

புதுப் பையன்களை எடைபோடும் ஸ்கவுட்டிங், அவர்களை அணிகள் பங்குபோட்டு எடுக்கும் டிராஃப்ட் எல்லாம் வழக்கம்போல முடிந்தது. 48 பேர் பட்டியலில் எனக்கு விழுந்தவன் 18 வயது, 216 செ.மீ. உயரம், பொட்டென்ஷியல், அதாவது எவ்வளவு தூரம் வளர முடியும் என்ற அளவு, எம்விபி என்ற உயர்ந்த படி. ரீபவுண்டும் இன்சைட் டிஃபென்ஸும் (கூடைக்குப் பக்கத்தில் தடுப்பது) அந்த வயதுக்கு நன்றாகவே இருந்தன. பாஸிங், பந்தைக் கையாளும் ஹேண்ட்லிங், கூடையை நோக்கிப் பாயும் டிரைவிங் மூன்றும் தரையோடு தரை.

இப்படி ஒருவன் கிடைத்தால் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். கூடைக்குக் கீழே ஆடும் சென்டர் இடத்தில் நிறுத்தி இன்சைட் பயிற்சியாகவே கொடுத்துத் தள்ளுவார்கள். நெட்டைப் பையன்களுக்கு அது சீக்கிரம் ஏறும், வெள்ளிக்கிழமைதோறும் பச்சை அம்புக்குறி பார்க்கச் சுகமாக இருக்கும். அடுத்த சீசன் தொடக்கத்தில் சம்பளம் புதுசாகக் கணக்கிடப்படும்போதுதான் வயிற்றைக் கலக்கும். இன்சைட் திறமை மட்டும் வீங்கிய சென்டர்களின் வாரச் சம்பளத்தைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது.

இதை அக்கா பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளி அணியில் ஆடுகிறவன், என்னைவிட விஷயம் தெரிந்தவன். "மாமா, அமெரிக்காவுல என்பிஏ லீக்ல ஆடுற யோகிச் இருக்கான்ல? 2014 டிராஃப்ட்ல 41ஆவதா போனவன். சென்டர்தான், ஆனா பாஸ் போட்டே ஆளைக் கொல்றான். உங்க நெட்டையனுக்கு முதல்ல பாஸ் கத்துக்கொடுங்க" என்றான். சொல்வது சுலபம். பாஸிங்கை ஒரே இடத்துக்கான பயிற்சியாக, அதாவது முழு வேகத்தில் கொடுக்க வேண்டுமென்றால், அந்த வாரம் அவன் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவனாக, 48 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். சென்டரில் எவ்வளவு ஆடினாலும் அதற்குக் கணக்கில்லை. இரண்டு இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பயிற்சியும் உண்டு, ஆனால் அதில் ஏறும் வேகம் குறையும். நெட்டையனுக்கு வெளித்திறமைகள் ஏறுவதே ஆமை வேகம், அதையும் குறைக்க மனசு வரவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை லீக் ஆட்டத்திலேயே இறக்கினேன். ஏழடி ஆள் பந்தைத் தட்டிக்கொண்டு வருவதை எழுத்து வர்ணனையில் படிப்பது ஒரு தனி அவஸ்தை. பாஸ் போட்டால் எதிராளி கையில், டிரைவ் போனால் பந்து வெளியே. வரிசையாக டர்ன்ஓவர். அந்தப் பக்கத்துப் பாயின்ட் கார்டு இவனைச் சுற்றிச் சுற்றி ஓட, பிடிக்க முடியாமல் ஃபவுல் மேல் ஃபவுல். மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் அனுமதித்த ஆறு ஃபவுலும் முடிந்து பெஞ்சுக்குப் போய்விட்டான். தோற்றதுகூடப் பரவாயில்லை, நிமிடக் கணக்கு 48 தொடவில்லை. அந்த வாரத்துப் பயிற்சி அரைகுறையாகத்தான் விழும்.

எதிரணி மேனேஜர் ஆட்டம் முடிந்ததும் ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் அனுப்பினார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

இங்கேதான் வியாழக்கிழமை கைகொடுக்கும். செவ்வாயும் சனியும் லீக், வியாழன் கோப்பை அல்லது நட்பு ஆட்டம். நட்பு ஆட்டத்தின் நிமிடங்களும் பயிற்சிக்குச் சேரும், தோற்றாலும் நஷ்டமில்லை. ஆனால் கோப்பையில் இருக்கும்வரை நட்பு ஆட்டம் கிடையாது. என் அணி அந்த சீசனில் பார்த்துக் கோப்பையில் சுற்றுச் சுற்றாக ஜெயித்துத் தொலைத்தது. முன்பெல்லாம் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டும் அணி இது. இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கிறவர்கள் ஏன் கோப்பையில் வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியில் வெளியே வந்த பிறகு நட்பு ஆட்டத்துக்கு அழைப்பு அனுப்பினால், கேட்ட ஆளெல்லாம் ஏற்கெனவே வேறொருவருக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வியாழன் நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள், வாரம் தொடங்கியதுமே நாலைந்து பேருக்கு அனுப்பி வையுங்கள். வெளிநாட்டு அணி என்றாலும் தயங்க வேண்டாம்.

இதற்கு நடுவில் பயிற்சியாளர் ஏலம். இருந்தவரின் சம்பளம் வாராவாரம் ஏறிக்கொண்டே போனது, நல்ல லெவலில் புதியவர் ஒருவர் நியாயமான விலையில் வந்திருந்தார். கடைசி நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் நேரமும் நீளும், ஆகவே உட்கார்ந்தே பார்க்க வேண்டும். உட்கார்ந்தேன். சரியாக அந்த நேரத்தில் அல்சூரில் எங்கள் தெருவைக் கான்கிரீட் போடுவதற்காகத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் ஃபைபர் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்கள். மோடத்தில் சிவப்பு விளக்கு. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால் கன்னடத்தில் ஆரம்பித்து, என் கன்னடத்தைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினார் ஒருவர். "சார், டிக்கெட் ரைஸ் பண்ணிட்டோம் சார். 48 மணி நேரத்துல சரியாயிடும் சார்." எனக்கு 48 நிமிடமே பெரும்பாடாக இருக்கிறது, இவர் மணிக்கணக்கில் பேசுகிறார். "ரோட்டை இன்னும் தோண்டிக்கிட்டுதாங்க இருக்காங்க" என்றேன். "அதுக்குத் தனி டிக்கெட் போடணும் சார்." மொபைல் டேட்டாவில் பக்கம் திறந்து முடிப்பதற்குள் பயிற்சியாளர் வேறு தேசத்து அணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். ஏல நாளில் போனில் டேட்டா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மோடத்தை நம்பாதீர்கள்.

ஃபவுல் தொல்லைக்கு வழி கிடைத்தது. அணியை அமைக்கும் இடத்தில் யார் யாரைக் காவல் காப்பது என்பதையும் மாற்றலாம். நெட்டையனைத் தாக்குதலில் பாயின்ட் கார்டாகவே வைத்துவிட்டு, தடுப்பில் எதிரணி சென்டரைப் பிடிக்கச் சொன்னேன். சென்டரில் ஆடும் நம்முடைய கார்டு அவர்களுடைய கார்டைப் பார்த்துக்கொண்டான். பயிற்சிக்கு எழுதப்படுவது அவன் ஆடும் இடம்தான், ஆகவே அதில் குறைவில்லை. டர்ன்ஓவர் குறையவில்லை, ஆனால் ஃபவுல் பாதிக்கு மேல் குறைந்தது. அதோடு தொடக்க ஆள், மாற்று, ரிசர்வ் என்ற மூன்று கட்டங்களிலும் பாயின்ட் கார்டு இடத்தில் இவன் பெயரையே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நாம் பின்தங்கியிருக்கும்போது கோச் அவனை உட்காரவைத்து விடுவார். இந்த இரண்டையும் செய்த பிறகு 48 என்ற எண்ணைப் பார்த்தபோது லீக் கோப்பையே ஜெயித்ததுபோல் இருந்தது. அந்த ஆட்டம் 30க்கு மேல் புள்ளி வித்தியாசத்தில் தோல்வி என்பது வேறு விஷயம்.

ஆனால் மூன்று ஆட்டத்திலும் முழுக்க ஆடவைக்கும் ஆசை வேண்டாம். கேம் ஷேப், அதாவது ஆட்டத்துக்கான உடல்தகுதி, சரிந்துவிடும். வாரத்துக்கு மொத்தம் 50இலிருந்து 70 நிமிடத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். ஒரு முழு ஆட்டம், இன்னொன்றில் சென்டராகக் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். கொஞ்சமும் ஆடவிடாமல் உட்காரவைத்தாலும் இதே சரிவுதான்.

காயம் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். 19 வயதில் அவன் சில வாரம் படுத்துக்கொண்டான். இளம் வயதில் போகும் வாரம் திரும்ப வராது, ஒவ்வொரு வயது கூடும்போதும் பயிற்சி மெதுவாகும். அதற்கு நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் பயிற்சி பெறும் இன்னொரு பையனையும் கூடவே வைத்திருந்தால் அந்த வாரங்கள் முழுக்க வீணாகாது. என்னிடம் அப்போது ஒரு குட்டைக் கார்டு இருந்தான், அவன் பாஸிங் கிடுகிடுவென ஏறியது. நெட்டையனைவிட அவன்தான் கொடுத்துவைத்தவன்.

இப்போது நெட்டையனுக்கு 20. பாஸிங்கும் ஹேண்ட்லிங்கும் ஒரு சென்டருக்கு வெட்கப்பட வேண்டாத அளவுக்கு வந்துவிட்டன. அவன் வயதுச் சென்டர்களோடு ஒப்பிட்டால் சம்பளம் அடக்கமாகவே இருக்கிறது. அணி ஒரு டிவிஷன் கீழே இறங்கிவிட்டது, அது போகட்டும். போன வாரம் 21 வயதுக்குட்பட்டோர் தேசிய அணியை நடத்துகிறவரிடமிருந்து செய்தி வந்தது: பையன் கண்ணில் பட்டிருக்கிறான், அடுத்து அவுட்சைட் டிஃபென்ஸ் (கூடையிலிருந்து தள்ளித் தடுப்பது) கொஞ்சம் ஏற்ற முடியுமா என்று. அக்கா பையனிடம் காட்டினேன். "அதுக்கும் பாயின்ட் கார்டுதானே மாமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆமாம், அதற்கும் பாயின்ட் கார்டுதான். இந்த சீசன் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தாயிற்று, வியாழக்கிழமைகள் எல்லாம் காலி. நட்பு ஆட்டத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் அழைப்பு அனுப்புங்கள். நல்ல வித்தியாசத்தில் ஜெயிப்பீர்கள், அதற்கு நான் பொறுப்பு.