கொம்பு தனி, கால் தனி

2006-ல் தொடங்கிய என் வேர்ட்பிரஸ் வலைப்பதிவுத் தளத்தை, பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஒரு ஹோஸ்டிங்கிலேயே பல வருஷம் ஓட்டிவிட்டேன். கட்டணம் ஏறிக்கொண்டே போனது. தனி சர்வருக்கு மாறிவிடலாம், ஒரு ராத்திரி வேலைதானே என்று ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன்.

முதல் அடி டேட்டாபேஸில். பேக்கப் எடுத்துப் புது சர்வரில் ஏற்றினால் ஒரு பதிவிலும் தமிழ் இல்லை, எல்லாம் தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகள். காரணம் பழையது. வேர்ட்பிரஸ் பதிவுகளை வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் ஸ்வீடன்காரர்கள் செய்தது, 8.0 பதிப்பு வரும்வரை அதன் இயல்பு குறியாக்கம் (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1, வரிசை முறைகூட ஸ்வீடிஷ்தான். 2006-ல் நான் அதை மாற்றவில்லை. எல்லா மொழிக்குமான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதிய தமிழ், ஸ்வீடிஷ் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறது. போட்ட பைட்டுகளே திரும்பி வந்ததால் திரையில் குறை தெரியவில்லை. பேக்கப் கருவிதான் அதை நிஜ லத்தீன் என்று நம்பி, இன்னொரு முறை யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டது.

லத்தீன்-1 என்று சொல்லியே மறுபடி பேக்கப் எடுத்தேன். பைட்டுகள் தொடப்படாமல் வந்தன. அந்தக் கோப்புக்குள் லத்தீன்-1 என்று அறிவித்த இடங்களை மட்டும் யுடிஎஃப்-8-எம்பி4 (முழு யுடிஎஃப்-8-க்கு மைஎஸ்கியூஎல் வைத்த பெயர்) என்று திருத்தி ஏற்றியதும் தமிழ் வந்தது. மணி இரண்டரை.

மறுநாள் படங்கள். பழைய இடத்தில் எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற வழி மட்டும்தான் என்பதால், எல்லாவற்றையும் என் பழைய மேக் டிஸ்க்கில் இறக்கி அங்கிருந்து ஏற்றியிருந்தேன். படங்களுக்குத் தமிழிலேயே பெயர் வைப்பது என் வழக்கம். 'மரம்' வருகிறது, 'தேர்' வருகிறது. 'கோவில்' வரவில்லை, 'கொலு' வரவில்லை. கோப்பு ஃபோல்டரில் இருக்கிறது, பெயரும் அச்சு அசலாக அதேதான். அனுமதி, உரிமையாளர், வெப் சர்வர் நிரலான என்ஜினெக்ஸின் அமைப்பு என்று அரை நாள் தேடினேன். வராத பெயர்களைத் தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது: எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது.

யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய மேக் டிஸ்க்குகளின் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்துத்தான் எழுதிவைக்கும். பதிவுக்குள் படத்தின் பெயரில் இருப்பது சேர்ந்த ஓகாரம், மூன்று பைட். டிஸ்க் வழியாக வந்தது பிரிந்த ஓகாரம், ஆறு பைட். புது சர்வரில் ஓடும் லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஆங்கிலத்தில் எழுதிய எந்த வழிகாட்டியிலும் எனக்கு இது தட்டுப்படவில்லை. அவர்களுக்குக் கொம்பு ஏது, கால் ஏது?

கன்வ்எம்வி என்று ஒரு சின்ன நிரல் உண்டு. யுடிஎஃப்-8-லிருந்து யுடிஎஃப்-8-க்கே மாற்றச் சொல்லி, சேர்ந்த வடிவம் வேண்டும் என்று கேட்டால் பெயர்களைத் திருத்திவிடும். முதலில் ஒத்திகை மட்டும் காட்டும், சரிபார்த்துவிட்டு நிஜமாக ஓட்டலாம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

டொமைனைத் திருப்புவது சுலபமாகவே முடிந்தது. டொமைன் பெயருக்கு சர்வர் முகவரி சொல்வது டிஎன்எஸ்; அந்த முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரமான காலாவதியை இரண்டு நாள் முன்பே 14400 விநாடியிலிருந்து 300-க்குக் குறைத்து வைத்திருந்தேன். மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் பதிவை மட்டும் புது இடத்தில் போட மறந்து, ஞாயிறு முழுக்க எனக்கு ஒரு மெயிலும் வரவில்லை. விடுமுறை என்பதால் யாரும் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய கணக்கை இன்னும் மூடவில்லை. மாதக் கடைசி வரை காசு கட்டியிருக்கிறேன். 'ஔ' வரும் படங்களை இன்னும் பார்த்து முடிக்கவில்லை.