குழுவிலிருந்து என்னை நீக்கிய பிறகு

வேலூர் தொட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் 6 அறைகள். சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். அறைக்கு ஒரு கேஸ் அடுப்பு, நாலு பாத்திரம். காந்தி ரோடு பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், பாதி கடைகளில் பலகையே வங்காள எழுத்தில்தான் இருக்கும். ஹவுரா ரயிலில் காட்பாடியில் இறங்குகிறவர்களைத் தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் கூட்டிவந்தால் கமிஷன், அந்தக் கமிஷன் கடைசியில் நோயாளியின் வாடகையில்தான் ஏறும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அசாமிலிருந்து வந்த ஒருவர்தான் வழி சொன்னார். வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஃபேஸ்புக்கில் குழு வைத்துப் பேசிக்கொள்கிறார்களாம், கிளம்புவதற்கு முன்பே எல்லாம் விசாரித்துவிடுவார்களாம். அன்று ராத்திரியே 5 குழுக்களில் சேர்ந்தேன். ஐந்திலும் ஒரே விளம்பரம்: 4 படம், வாடகை, போன் நம்பர். காலையில் பார்த்தால் 3 குழுக்களிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். நாலாவதில் பதிவு ஒப்புதலுக்குக் காத்துக்கொண்டே கிடந்தது. ஐந்தாவதில் போட்டது வந்திருந்தது, ஆனால் அதற்குக் கீழே தரகர்கள் வரிசையாகத் தங்கள் நம்பரைப் போட்டிருந்தார்கள்!

விளம்பரம் கூடாது என்று விதியில் முதல் வரியிலேயே எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. நீக்கிய குழுக்களில் ஒன்றின் அட்மினுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கொல்கத்தா பக்கத்துப் பெண், அவர் அப்பாவும் இங்கே சிகிச்சை எடுத்தவர். திரும்பச் சேர்த்துக்கொண்டு இரண்டு நிபந்தனை போட்டார். அறை வாடகைக்கு விடுகிறவர் என்பதை மறைக்காமல் பேச வேண்டும். யாராவது கேட்டால் ஒழிய நம்பர் கொடுக்கக் கூடாது.

சரி என்று ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு படித்தேன், பக்கத்தில் ஒரு நோட்டு. எனக்குப் பெரிய பாடம் அந்த நோட்டுதான். வாடகை எவ்வளவு என்று கேட்டவர்கள் குறைவு. லிஃப்ட் இருக்கிறதா, ராத்திரி 3 மணிக்கு ரயில் வந்தால் ஆட்டோ கிடைக்குமா, மீன் பக்கத்தில் கிடைக்குமா, கடுகெண்ணெய் கிடைக்குமா, நமக்குப் போட்டிருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஊருக்குள்ளா, சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகத்திலா? இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் என்னிடம் நேரில் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்க நினைத்தவர்கள் வேறு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த மாதமே படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டோம்.

அப்புறம்தான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இடுப்பு ஆபரேஷனுக்கு அப்பாவைக் கூட்டிவருகிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் லிஃப்ட் இல்லை, எங்களிடம் வராதீர்கள், தரைத்தள அறையாகப் பாருங்கள் என்று எழுதினேன். ராணிப்பேட்டை வளாகம் ரத்தினகிரி பக்கம் நெடுஞ்சாலையில் இருக்கிறது, தினமும் அங்கே போகிறவர்கள் ஊருக்குள் அறை எடுத்து ஆட்டோவுக்குச் செலவழிக்காதீர்கள் என்று இன்னொருவருக்கு. வங்கதேசத்துக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாங்கள் இணையத்தில் பதிய வேண்டும், பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கட்டும் என்று. என் வீட்டுக்காரருக்குக் கோபம். "வர்றவங்களை ஏம்மா தொரத்தறே?" என்றார். அடுத்த வாரம் அந்தப் பதில்களைப் படித்தேன் என்று சொல்லியே 4 பேர் கூப்பிட்டார்கள். எந்த டாக்டர் நல்லவர், இந்த நோய் குணமாகுமா என்ற கேள்விகளுக்கு மட்டும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. அது நம் வேலை இல்லை.

மொழிதான் கொஞ்சம் படுத்தியது. போனில் பேசித் தட்டச்சு செய்து வங்காளத்துக்கு மாற்றினால், நான் சொன்ன 'மாடியில்' அங்கே 'மாட்டில்' ஆகிவிட்டது. ஒரு அம்மா, மாட்டுக் கொட்டகையா என்று கேட்டார். இப்போது சின்னச் சின்ன வாக்கியம்தான்.

பெரிய அடி வேறு. என் படங்களை எடுத்து யாரோ போலிக் கணக்குத் தொடங்கி, ஒரு குடும்பத்திடம் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டார்கள். ராத்திரி 11 மணிக்குப் பெட்டி படுக்கையோடு எங்கள் வாசலில் நிற்கிறார்கள். அறை காலி இல்லை. ஹாலில் பாய் போட்டுக் கொடுத்து, இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்து புகார் பதிய வைத்தேன். அட்மின் அந்தக் கணக்கை நீக்கி, எச்சரிக்கையைக் குழுவின் மேலேயே நிறுத்தி வைத்தார். அன்றிலிருந்து முன்பணம் வாங்குவதே இல்லை. அறையைப் பார்க்க வேண்டும் என்றால் வீடியோ காலில் காட்டுகிறேன். வராமல் போனால் ஒரு நாள் வாடகை நஷ்டம், போகட்டும்.

தங்கிப் போனவர்களை வைத்து நானே ஒரு வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினேன். அதில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும் என்பதை யோசிக்கவில்லை. உள்ளே புகுந்த ஒரு தரகர் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கலைத்துவிட்டேன். இப்போது பிராட்காஸ்ட் லிஸ்ட் மட்டும்தான். என் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும், அவர்கள் பதில் எழுதினாலும் எனக்கு மட்டும்தான் வரும். மழை, வெயில், பந்த், அவ்வளவுதான் அதில் போடுவேன். சித்திரை வெயிலைப் பற்றி எழுதினால் மட்டும் நிறையப் பதில் வருகிறது.

போன மாதம் அந்த அட்மினே அவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு முழங்கால், மாடி ஏற முடியாது. அடுத்த தெருவில் தரைத்தள அறை பார்த்துக் கொடுத்தேன். சாயங்காலம் ஆனால் அவர் மட்டும் "மாசிமா" (வங்காளத்தில் சித்தி, பெரியம்மா) என்று கூப்பிட்டுக்கொண்டே எங்கள் மாடிக்கு டீ குடிக்க வந்துவிடுவார்.