அந்த வரி

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்த பிறகு கந்த சஷ்டி கவசம் சொல்ல உட்கார்ந்தேன். பாதியில் நாக்கு நின்றுவிட்டது. ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, வேல் காக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே போகும் பாட்டு அது. மார்பு வரும் வரியை என்னால் சொல்ல முடியவில்லை. அது அரங்கேறியதாகச் சொல்லப்படும் சென்னிமலைதான் எங்கள் ஊர். சின்ன வயதிலேயே மனப்பாடம். இத்தனை வருடம் கேட்டேனே, காக்கவில்லையே என்ற கோபத்தில் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், “குலதெய்வத்துக்கு ஏதாச்சும் குறை வச்சிருப்பீங்க” என்றார். எந்த நேர்த்திக்கடனை மறந்தோம் என்று அன்று ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். நோயில் இருப்பவரிடம் தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள்.

கீமோ 21 நாளுக்கு ஒன்றாக 4 தடவை சிவப்பு மருந்து, அப்புறம் வாரம் ஒன்றாக 12 ஊசி. மருந்து ஏறி ஒரு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், கோயில் கூட்டம் வேண்டாம், காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் உடனே வந்துவிடுங்கள் என்றார் டாக்டர். கோயிலுக்குப் போகாதே என்றது அப்போது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

முடி கொட்டியபோது, பழனியில் மொட்டை போட்டதாக நினைத்துக்கொள் என்றார்கள். நானாகக் கொடுக்கவில்லையே. அப்படி நினைக்க வரவில்லை.

மாமியார்தான் கூட வருவார். ஏசி குளிருக்குச் சென்னிமலைப் போர்வையைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கவசத்தை முணுமுணுப்பார். இரண்டாம் தடவை, “நீயும் சொல்லு கண்ணு” என்றார்.

“ஒரு எடத்துல வர மாட்டேங்குதுங்க அத்தை.”

எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. “அத நாஞ் சொல்லிக்கறேன். நீ அடுத்ததுல இருந்து புடிச்சுக்க.”

அன்றிலிருந்து அப்படித்தான் சொன்னோம். குணமாக்கு என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அதற்குத்தான் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தட்டித் தட்டித் தேடும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கவசம் வேண்டியிருந்தது. வரிக்கு வரி மூச்சு சீராகும். இறுகிய கை தளரும்.

போன மாதம் மலைக்குப் போனோம். 12 ஊசிக்குப் பிறகு பாதம் இன்னும் மரத்திருக்கிறது, 1320 படி ஏற முடியாது, வண்டியில்தான் போனோம். சன்னதிக்கு வெளியே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தோம். அந்த வரி வந்ததும் நிறுத்தினேன். அத்தை சொன்னார். அடுத்ததிலிருந்து பிடித்துக்கொண்டேன்.