சியாமாசெட்டியின் முன்னால்

பள்ளிக்கூட விடுமுறையில் மகனைக் கூட்டிக்கொண்டு ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனேன். பதினொரு வயது, விமானப் பைத்தியம். வெள்ளவத்தையிலிருந்து 101 பஸ்ஸில் காலி வீதியோடு போய் இறங்கினால் கிட்டத்தான். பதினைந்து வருடமாகக் கொழும்பில் இருந்தும் நான் அங்கே போனதில்லை. கால் எழவில்லை, அவ்வளவுதான்.

1951 மார்ச் 2ஆம் திகதி பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் தலைமையில், சிப்மங்க் பயிற்சி விமானங்களோடு தொடங்கிய படை இது. 1959இல் ஜெட் புரொவோஸ்ட் என்ற ஜெட் பயிற்சி விமானங்கள் வந்தன. அவற்றைத் திருகோணமலைச் சீனக்குடாவில் மூடி வைத்திருந்தார்கள். 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் (ஜே.வி.பி.) கிளர்ச்சி வெடித்ததும் அவசரமாக வெளியே எடுத்துப் பறக்கவிட்டார்கள். சோவியத் நாடும் மிக்-17 போர் ஜெட்டுகளை அனுப்பியது. கிளர்ச்சி அடங்கிய பிறகு இதே படை ஹெலிகொப்டர்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சம்பாதித்தது. நான் பிறப்பதற்கு முந்திய அந்தக் காலத்தை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

அப்புறம் மகன் ஒரு சின்ன விமானத்தின் முன்னால் நின்றான். மூக்கில் ஒரே ஒரு காற்றாடி. இரண்டு பேர் அருகருகே உட்காரலாம்.

"அப்பா, இது எஸ்.எப். 260. இத்தாலி. சும்மா ட்ரெயினிங் பிளேன்."

"சியாமாசெட்டி," என்றேன். என்னை அறியாமலே வாயில் வந்துவிட்டது.

சியாய் மார்க்கெட்டி என்ற இத்தாலியப் பெயரை எங்கள் சனம் சியாமாசெட்டி ஆக்கிவிட்டது. யாரோ கடைக்காரருடைய பெயர் மாதிரி. 1985இல் வாங்கிய இந்தப் பயிற்சி விமானத்தில்தான் ரொக்கெட்டும் குண்டும் கட்டி வடக்குக்கு அனுப்பினார்கள். பிறகு ஆர்ஜென்டினாவின் புக்காரா வந்தது, 1996இல் இஸ்ரேலின் போர் ஜெட்டான கிபிர் வந்தது. பீப்பாக் குண்டு போட்ட மெதுவான விமானத்துக்குச் சகடை என்று பெயர். படம் பார்த்து வைத்த பெயர்கள் இல்லை இவை. சத்தத்தை வைத்தே இன்னது வருகிறது என்று எட்டு வயதில் நான் சொல்லுவேன்.

ஊரில் எங்கள் பங்கர், அதாவது பதுங்குகுழி, வேப்பமரத்தடியில் இருந்தது. 'எல்' வடிவம், மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. மழைக்குப் பிறகு உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஒருநாள் நாங்கள் எல்லோரும் இறங்கிவிட்டோம், அம்மாவை மட்டும் காணவில்லை. நான் கத்தினேன். அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, கையில் துணியோடு கடைசியாக வந்தாள். அன்றைக்குச் சியாமாசெட்டிதான் வந்தது என்று மகனிடம் சொன்னேன்.

1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விமானக் குண்டுவீச்சில் இறந்தார்கள். அதையும் சொன்னேன். கொழும்பில் வளரும் பிள்ளை, தெரிந்திருக்க வேண்டும். 2009 பெப்ரவரியில் புலிகளின் விமானம் கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதிய இரவில் இந்த ஊர்ச் சனம் பயந்ததையும் சொன்னேன்.

"இப்ப என்ன பிளேன் வைச்சிருக்கினம்?" என்று கேட்டான். 2021இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனத்தோடு 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருடமே நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. அதே 2022 ஓகஸ்டில் இந்தியா கடல் கண்காணிப்புக்கு டோனியர் 228 ஒன்றைக் கொடுத்தது, 2024இல் அமெரிக்கா கிங் எயார் கொடுத்தது. கடலைப் பார்க்கும் விமானமும் வெள்ளத்தில் ஆட்களைத் தூக்கும் ஹெலியும்தான் இந்தத் தீவுக்குத் தேவை. கிபிருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டொலரும் எனக்கு வலிக்கிறது.

மகன் தன் கொப்பியில் அந்த விமானத்தை வரைந்து, கீழே எஸ்.எப். 260 என்றும் சியாமாசெட்டி என்றும் எழுதிக்கொண்டான். இரவு ஊருக்கு அழைப்பெடுத்து, பானைக் கதையை அப்பம்மாவிடம் கேட்டான். ஸ்பீக்கரில் அம்மா உடனே மறுத்தாள்.

"உன்ர அப்பாவுக்கு மறந்துபோச்சு, ராசா. அண்டைக்கு வந்தது ஹெலி. தூரத்திலேயே கேட்கும், நேரம் இருக்கும். சியாமாசெட்டி எண்டால் நான் பானையைத் தொட்டிருப்பனே?"