பிஸ்கட் டின்னில் ஒரு செக்ரோல்

மகன் பாங்கருக்குப் படிக்கப் போய் இது இரண்டாவது வருஷம். வேல்ஸில் இருக்கிற பாங்கர். கடல் அறிவியல் படிக்கிறான். ஊர் எப்படியடா என்று கேட்டால் மழை, ஆடு, திரும்பவும் மழை என்பான். போன மாதம் வாட்சாப்பில் கூப்பிட்டவன், “அம்மா, இங்க யுனிவர்சிட்டில தாத்தாவோட செக்ரோல் மாதிரியே பழைய எஸ்டேட் புத்தகமா வெச்சிருக்காங்க” என்றான். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அப்பா மலேசியாவில் நிபோங் திபாலுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆட்கள் வரிசையில் நிற்கும் இடத்தில், ஆள் எண்ணி, மாதக் கடைசியில் செக்ரோல் என்கிற வேலை நாள், கூலிப் பதிவேட்டை முடிப்பார். அந்த இரவுகளில் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட முடியாது. ஆளுக்கு ஒரு வரி. முதலில் நம்பர், அப்புறம் பெயர், அப்புறம் முப்பத்தொரு கட்டம். கடைசியில் அரிசிக்கு, முன்பணத்துக்கு, கோயிலுக்கு என்று பிடித்தம். கூட்டலில் ஐந்து காசு இடித்தாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். எனக்குக் கூட்டல் வந்ததே அவர் பக்கத்தில் உட்கார்ந்து இலக்கம் வாசித்துத்தான்.

எஸ்டேட் என்றால் நமக்குப் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது செம்பனை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், கோயில், கள்ளுக்கடை. வேல்ஸில் அந்தச் சொல்லுக்கு ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்து என்று பொருள். பெரிய மாளிகை ஒன்று, அதைச் சுற்றிக் குத்தகைப் பண்ணைகள், காடு, சுரங்கம், சில சமயம் ஊரே. வின்ஸ்டே மாளிகையில் இருந்த வில்லியம்ஸ் வின் குடும்பத்துக்கு 19ஆம் நூற்றாண்டில் 1,40,000 ஏக்கருக்கு மேல் இருந்தது. இவ்வளவையும் கட்டி ஆண்டது காகிதம்தான். பத்திரங்கள், நில வரைபடங்கள், எந்தப் பண்ணை யார் கையில், எவ்வளவு வாடகை, எவ்வளவு பாக்கி என்று எழுதிய வாடகைப் புத்தகங்கள். அதை எழுதியவர்களும் ஒரு வகையில் கிராணிகள்தானே.

அங்கே ‘மூன்று உயிர்க் குத்தகை’ என்று ஒன்று இருந்திருக்கிறது. பத்திரத்தில் மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள். அந்த மூவரில் கடைசி ஆள் சாகும்வரை நிலம் குத்தகைக்காரனிடம் இருக்கும். அதனால் சின்னப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுவார்களாம், ரொம்ப நாள் இருக்கும் என்ற நம்பிக்கையில். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் குத்தகைக்கே காய்ச்சல்!

பெயர் விஷயத்தில்தான் நான் சிரித்தேன். பழைய வேல்ஸ் ஆவணங்களில் குடும்பப் பெயர் கிடையாது. டாவித் அப் (ap) ரீஸ் என்றால் ரீஸின் மகன் டாவித். இங்கே நம் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், ஏ/பி (a/p) என்றால் இன்னாரின் மகள். அங்கே அதே இரண்டு எழுத்து மகனுக்கு. 16ஆம் நூற்றாண்டிலிருந்து மேட்டுக்குடிகள் ஆங்கிலேயர்களைப் பார்த்துக் குடும்பப் பெயர் வைக்க ஆரம்பித்து, அப் ரீஸ் பிரைஸ் ஆனது, அப் ஹவல் பவல் ஆனது. கிராணியின் காதில் விழுந்தபடி முனியாண்டி முனியண்டியாகி, ஐசியில் மூனியாண்டி ஆன கதை நமக்குப் புதிதா என்ன.

மகன் சொன்ன காகிதங்கள் பென்ரின் எஸ்டேட்டுடையவை. பாங்கரை ஒட்டி அதன் சொந்தக்காரர்களான பென்னன்ட் குடும்பத்தின் கோட்டை இருக்கிறது. கொஞ்சம் உள்ளே பெதெஸ்தாவில் அவர்களுடைய சிலேட்டுக் கல் குவாரி. 1900இல் சுமார் 2,800 தொழிலாளர்கள் அங்கே வேலையை விட்டு வெளியேறி, மூன்று வருஷம் போராட்டத்தில் நின்றார்கள். ‘இந்த வீட்டில் துரோகி இல்லை’ என்று அட்டையில் அச்சடித்து ஜன்னலில் வைத்தார்களாம். ஆனால் என்னை உலுக்கியது குவாரி அல்ல. குவாரிக்குப் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான். ஜமைக்காவில் அந்தக் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் முதலாளி ரிச்சர்ட் பென்னன்ட் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. எல்லாம் கடிதத்தில்தான். அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு அந்தக் குடும்பத்துக்கு 764 பேருக்காக 14,683 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அந்த 764 பேருக்கு ஒரு காசும் இல்லை.

எங்கள் பக்கமும் ரப்பருக்கு முன்னால் கரும்புதான். நம்மவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து வெட்ட வைத்த கரும்பு. ஜமைக்கா கணக்கைப் படித்தபோது யாரோ அடுத்த லயத்துக்காரரின் கதையைக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். வேல்ஸில் போவிஸ் கோட்டை என்று ஒன்று. அதில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டதும் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டதும் இவர் காலத்தில்தான். இவர் மனைவி போவிஸ் வீட்டுப் பெண். அப்படித்தான் கூடாரம் அங்கே போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் தோட்ட விருந்துக்கு அதைத்தான் கட்டினார்களாம். போவிஸ் எஸ்டேட் காகிதங்கள் இப்போது அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

அங்கேயும் எல்லாம் தப்பிவிடவில்லை. 1858இல் வின்ஸ்டே மாளிகை தீப்பிடித்து, நூலகமும் பழைய கையெழுத்துச் சுவடிகளும் சாம்பலாயின. அது விபத்து.

எங்கள் தோட்டத்தில் நடந்தது விபத்து இல்லை. தோட்டத்தை விற்றார்கள், புதிய முதலாளிக்கு நிலம் போதும். ஆபீசைக் காலி செய்தபோது அலமாரிகளை யாரோ விலைக்கு எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த புத்தகங்களை ஸ்டோருக்குப் பின்னால் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கெட்டி அட்டை, சீக்கிரம் பிடிக்காது, இரண்டு நாள் புகைந்தது. அப்பா ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. செய்தி கேட்டுச் சைக்கிளில் போனார். திரும்பும்போது கேரியரில் ஒரே ஒரு செக்ரோல், ஓரம் கருகியது. அன்று அவர் சாப்பிடவில்லை.

வேல்ஸிலும் பெரிய எஸ்டேட்டுகள் உடைந்தன. முதல் உலகப் போரையொட்டிய வருஷங்களில் ஒன்றன்பின் ஒன்றாக விற்றார்கள், பல இடங்களில் குத்தகைக்காரர்களே தங்கள் பண்ணையை வாங்கிக்கொண்டார்கள். இங்கே தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் வந்தபோது 1960இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டம் வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி கட்டச் சொன்னாரே, அது மாதிரி. ஆனால் நம்மில் பலருக்கு அதுவும் எட்டவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தோம்.

சும்மா பழம்பெருமைக்காகப் புலம்பவில்லை. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பாட்டி இருக்கிறார். பிறந்தது, வளர்ந்தது, பால் வெட்டியது எல்லாம் அந்தத் தோட்டத்தில். இன்னும் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவர். பிறப்புப் பத்திரம் கிடையாது. எப்போதிலிருந்து இங்கே இருக்கிறீர்கள், சான்று கொடுங்கள் என்று ஆபீசில் கேட்கிறார்கள். பதினாலு வயதில் பெரட்டில் பெயர் கொடுத்தேனே என்கிறார். கொடுத்தார்தான். அது எழுதிய புத்தகம் எங்கே?

எங்களிடம் இருக்கிற செக்ரோலைப் பாட்டியை உட்கார வைத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். அது தோட்டத்தின் இரண்டாவது டிவிஷன், அதாவது இரண்டாவது பிரிவின், புத்தகம். பாட்டி முதல் டிவிஷன். கருகிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “ஒங்கப்பன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்” என்றார், அவ்வளவுதான்.

அங்கே காகிதங்களை எதில் வைக்கிறார்கள் என்று மகனிடம் கேட்டேன். அமிலம் இல்லாத அட்டைப் பெட்டியாம், வெள்ளைப் பருத்தி நாடாவால் கட்டுவார்களாம், பேனா கொண்டுபோக விடமாட்டார்களாம், பென்சில் மட்டும். நான் செக்ரோலை வைத்திருப்பது தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின்னில், மூன்று ரச கற்பூர உருண்டையோடு. கற்பூர உருண்டையை முதலில் வெளியே எடு என்று திட்டினான். எடுத்துவிட்டேன். நாடாவுக்குத் தையல்கார அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் டிவிஷன் இரண்டில் இருந்தவர்கள் வீடுகளுக்குப் போகிறேன். 214ஆம் நம்பர்க்காரர் ஜாவியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அந்த மாதம் அவர் இருபத்தாறு நாள் வேலை செய்திருக்கிறார், பத்தொன்பதாம் தேதி மட்டும் அரை நாள்.