கறுக்கட்டும் என்று காத்திருந்தோம்

நைஜீரியாவின் எனுகு நகரில் தோழியின் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது சமையலறை மூலையில் சாக்கு விரித்து அடுக்கியிருந்த வாழைக்காய்கள்தான். ஒவ்வொன்றும் முன்கை நீளம். பாதி பச்சை, பாதி மஞ்சள். "இன்றைக்கே உக்போ ஒகெடே செய்யலாமா?" என்று கேட்டேன். தோழியின் அம்மா ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இல்லை ந்னே. இன்னும் மூன்று நாள் ஆகும்."

ந்னே என்றால் இக்போ மொழியில் அம்மா. வயதில் சிறிய பெண்களையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நாம் மகளை "வாம்மா" என்பதுபோல. நான் அவரை மம்மி என்றேன். நைஜீரியாவில் நண்பர்களின் தாயை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

தோழி புனேயில் என்னோடு படித்தவள். விடுதிச் சாப்பாடு பிடிக்காத இரவுகளில் இந்தப் பண்டத்தைப் பற்றித்தான் பேசுவாள். நன்றாகக் கனிந்த பெரிய வாழையை அரைத்து, மிளகாயும் வெங்காயமும் கூனி இறாலும் சிவந்த பாமாயிலும் சேர்த்து, இலையில் பொதிந்து ஆவியில் வேக வைப்பது. ஒகெடே என்றால் வாழை. நைஜீரியாவின் தென்கிழக்கில், இக்போ மக்களின் வீடுகளில் செய்வது. உக்போ என்று சொல்லும்போது க், ப் இரண்டையும் ஒரே நொடியில் விடவேண்டும். அந்த ஒலி தமிழில் இல்லை.

நான் நாகர்கோவில்காரி. ஏத்தம்பழத்தை அவித்துச் சாப்பிட்டு வளர்ந்தவள். எங்கள் ஏத்தனும் (மற்ற ஊர்க்காரர்களுக்கு நேந்திரன்) மேற்கு ஆப்பிரிக்காவில் பிளான்டெயின் என்கிற இந்தப் பெரிய வாழையும் ஒரே உட்பிரிவைச் சேர்ந்தவை. ஆசியாவிலிருந்து மிகப் பழைய காலத்திலேயே வாழை ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மழைக்காடுகள் உள்ள மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அது பல்கிப் பெருகி, இன்று பிளான்டெயினில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே உண்டு. அதனால் மம்மியின் சாக்கில் கிடந்த காய்களைப் பார்த்தபோது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் ஏத்தம்பழத்தில் மிளகாய் போட்டு நான் அதுவரை தின்றதில்லை.

அது ஜனவரி. சகாராவிலிருந்து தூசியைச் சுமந்து வரும் ஹர்மட்டான் காற்று வீசிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தால் உதடு வெடித்திருக்கும், ஜன்னல் கம்பியில் பழுப்புப் பொடி படிந்திருக்கும். எனு உகு என்றால் மலை உச்சி. 1909-ல் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் இங்கே நகரம் வளர்ந்தது. சுற்றிலும் இருக்கிற மலைகள் அந்த வாரம் முழுக்கத் தூசிக்குப் பின்னால் மங்கலாகவே தெரிந்தன.

இரண்டாம் நாள் தோழி என்னை வடக்கே என்சுக்காவுக்கு அழைத்துப் போனாள். மில்லிக்கன் குன்றின் வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை வழியாகப் போய், நைன்த் மைல் சந்திப்பில் வண்டியை நிறுத்தினோம். "ஒக்பா டி ஒக்கூ!" என்று கூவிக்கொண்டு பெண்கள் தலைத்தட்டோடு ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். சூடான ஒக்பா என்று அர்த்தம். பம்பாரா பயறு மாவில் பாமாயில் கலந்து அவித்த மஞ்சள் கட்டி அது. கையில் பிடிக்க முடியாத சூடு. நான் இரண்டு வாங்கினேன், இன்னும் இரண்டு வாங்கியிருக்கவேண்டும்.

என்சுக்காவுக்கு நாங்கள் போனதே மிளகாய்க்காகத்தான். மஞ்சள் நிறத்தில் அங்கே விளைகிற மிளகாய்க்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு. காரத்துக்கு முன்னால் மணம் வந்துவிடும். காரின் பின்சீட்டில் ஒரு பை மிளகாய் இருந்தது, எனுகு திரும்பும்வரை பூக்கடைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

மூன்றாம் நாள் மாலை மம்மியே என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். தோல் முக்கால்வாசி கறுத்துவிட்டது. எடுத்தால் குழைந்து தொங்கியது. நம் வீட்டில் அந்த நிலையில் இருக்கிற பழத்தைப் பார்த்தால் "அழுகிப்போச்சு" என்று எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள். "இப்போதுதான் சர்க்கரை முழுசா இறங்கியிருக்கிறது," என்றார் மம்மி. பச்சைக்காயில் இருக்கிற மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது. அதே காரணத்தால்தான் கறுத்த பழத்தை மட்டும் அரைத்தால் வேகும்போது இறுகாமல் கூழாகவே நின்றுவிடும். அதனால் அவர் ஐந்து கறுத்த பழத்துக்கு இரண்டு பச்சைக்காய் என்று ஒதுக்கி வைத்திருந்தார். பழம் இனிப்புக்கு, காய் பிடிமானத்துக்கு.

மறுநாள் காலை ஒக்பெட்டே சந்தைக்குப் போனோம். எனுகுவின் பெரிய சந்தை. ஊமா இலை ஒரு கட்டு, கூனி ஒரு கிண்ணம், பாமாயில் ஒரு பாட்டில். கூனியை அங்கே கிரேஃபிஷ் என்கிறார்கள், ஆனால் குளச்சல் கடற்கரையில் காயப்போடுகிற சென்னாக்கூனியைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் சொல்லவே வேண்டாம், அதே வாசனை. பாமாயில்தான் வேறு மாதிரி. நம் ரேஷன் கடையில் கிடைப்பது சுத்திகரித்து நிறம் நீக்கியது. இது குங்குமத்தைக் கரைத்ததுபோலச் சிவப்பு. அந்தச் சிவப்பு எண்ணெய்ப்பனைப் பழத்தில் இருக்கிற கரோட்டின் என்ற நிறமியால் வருவது.

ஊமா இலை பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அகலமான, நீள்வட்ட இலை, நீளக் காம்பு. மொய்மொய் என்கிற பயற்றம் பணியாரத்தையும் இதில்தான் பொதிவார்கள். இந்தச் செடியின் சிவந்த பழம் தரையோடு ஒட்டிக் காய்க்கும். அதிலிருந்து எடுக்கிற தௌமாடின் என்ற புரதம் சர்க்கரையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இனிப்பு. இலைக்கு அந்த இனிப்பு கிடையாது. ஆனால் வெந்த பிறகு பச்சையான ஒரு மணத்தை உள்ளே விட்டுவிடுகிறது, அது அலுமினியக் கிண்ணத்தில் அவித்தால் வராது. மம்மி இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். "கிண்ணத்தில் வேகட்டும் என்றால் நீ கேக் செய்துகொள்" என்றார்.

பழத்தை மிக்ஸியில் போட்ட இரண்டாவது நிமிடம் கரண்ட் போய்விட்டது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பின்கட்டில் மர உரல் இருந்தது. பச்சைக்காயைத் துருவி, பழத்தோடு சேர்த்து, மிளகாயும் வெங்காயமும் இட்டு நானும் தோழியும் மாற்றி மாற்றி இடித்தோம். மம்மி நடுநடுவே விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "போதும்" என்று அவர் சொன்னபோது மாவில் அங்கங்கே பருமணலாகக் காய்த்துகள் தெரிந்தன. மிக்ஸியில் அரைத்திருந்தால் அது கிடைத்திருக்காது. இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியான பதம். அப்புறம் பொடித்த கூனி, உப்பு, உதிர்த்த கருவாட்டு மீன், ஒரு குழிக்கரண்டி பாமாயில். துளசிக் குடும்பத்து இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். எண்ணெய் விழுந்ததும் சாம்பல் நிறத்தில் கிடந்த மாவு ஆரஞ்சாக மாறியது. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை, பழத்தின் ஈரமே போதும்.

ஹர்மட்டானில் இலை காய்ந்து முறுகிவிடும். வெந்நீரில் ஒரு முறை முக்கி எடுத்தால்தான் மடங்கும். இரண்டு இலையை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூம்பாகச் சுருட்டி, நுனியைப் பின்புறம் மடித்து, இடது கையில் ஏந்திக்கொண்டே வலது கையால் மாவை ஊற்றி, மேல்வாயை இரண்டு மடிப்பாக மூடவேண்டும். என் முதல் மூன்று பொதிகளும் அடியில் ஒழுகின. நான் நுனியை முன்புறமாக மடித்துக்கொண்டிருந்தேன். மம்மி என் விரலைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார், நாலாவது நின்றது.

கிள்ளிய காம்புகளைச் சட்டியின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினார். அதுதான் தட்டு. காம்பு மூழ்காத அளவுக்குத் தண்ணீர், அதன்மேல் பொதிகள், எல்லாவற்றுக்கும் மேலே கிழிந்த இலைகளைப் போர்த்தி மூடி. ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டு முறை ஓரமாக வெந்நீர் ஊற்றினார். அரைமணி கழித்து வாசனை வந்தது. முதலில் இலை, பிறகு கூனி, கடைசியில் பழம்.

இறக்கியவுடனே பிரிக்க விடவில்லை. ஆறினால்தான் இறுகும். அந்த இருபது நிமிடம்தான் எனக்கு மூன்று நாளைவிட நீளமாக இருந்தது. பிரித்தால் இலையின் நரம்புகள் பண்டத்தின்மேல் கோடு கோடாகப் பதிந்திருந்தன. ஓரம் அல்வாபோல வழுக்கலாக, நடு கொஞ்சம் மாவாக. முதலில் இனிப்பு, அதன் பின்னாலேயே மிளகாய், விழுங்கிய பிறகு கூனி. இனிப்பும் கருவாடும் ஒரே வாயில் சேருமா என்று நான் மூன்று நாளாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். சேர்கிறது, அதுவும் நன்றாகவே. நான் நாலு பொதி சாப்பிட்டேன். ஒழுகிய மூன்றையும் மம்மி தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

"தாலு, மம்மி" என்றேன். நன்றி. அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்றைத் தட்டில் வைத்தார்.

மறுநாள் விடிகாலை லாகோஸ் பேருந்தில் ஏறினேன். பையில் ஐந்து பொதிகள், மேலே பழைய துண்டு சுற்றியிருந்தது. ஒனிட்சா பாலத்தில் நெரிசல், வண்டி ஊர்ந்தது. கீழே நைஜர் ஆறு தூசிக்குள் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு பொதியைப் பிரித்தேன். ஆறிப்போன பிறகு காரம் அடங்கி இனிப்பு தூக்கலாக இருந்தது. பக்கத்து இருக்கை அம்மா இலையைப் பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்று கேட்டார். பாதியைப் பிட்டுக் கொடுத்தேன். மென்றுகொண்டே அவர் தலையாட்டினார். "பழம் நல்லா கறுத்திருக்கு."