ரெண்டு வார்த்தை திட்டிப்புடுங்கண்ணே

ஆத்தங்குடித் தரைக்கல் வார்க்கிற என் பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒருநாள் என்னிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, ரெண்டு வார்த்தை திட்டிப்புடுங்கண்ணே." இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரே கூடத்துக்குப் போட்ட சிவப்புக் கல். பாதி ஒரு சிவப்பு, மீதி வேறு சிவப்பு. சிவப்பு வண்ணப்பொடியை, அதாவது ஆக்சைடை, நிறுக்காமல் கைக்கணக்கில் அள்ளிப் போட்டிருக்கிறான். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் குப்புறத்தான் வார்க்கிறோம். அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் தூவி, அதற்குமேல் ஈரச்சாந்து வைத்து மட்டம் தட்டுவோம். அது காய்ந்து, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறி, கண்ணாடியைக் கழற்றினால்தான் கல்லின் முகம் தெரியும். சூளையில் வேகாத கல் என்பதால் அப்புறம் சீர்செய்யவும் வழி கிடையாது. ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வார்க்க வேண்டியதுதான்.

முன்பென்றால் பட்டறையே அதிர்ந்திருக்கும். என் வாய் அப்படி. பிறகு சபையில் உபவாச ஜெபத்தில் ஒருநாள் பைபிளிலிருந்து ரோமர் 12:2 வாசித்தார்கள்: "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்." எத்தனையோ தடவை கேட்ட வசனம்தான், ஆனால் அன்று நெஞ்சில் தைத்தது. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிற அதே வாயால் திங்கட்கிழமை காலையில் கூலிக்கு வந்தவனை நாயே பேயே என்கிறேனே என்று அழுதேன். அதற்குப் பிறகு நான் பட்டறையில் குரலை உயர்த்தியதில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த மாற்றம் என் முயற்சியால் வந்ததல்ல, கர்த்தர் தந்தது என்றே இன்றும் நம்புகிறேன்.

அன்றும் திட்டவில்லை. "சரிப்பா, விடு" என்றேன். கலவை போடுகிற வேலையை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, அவனைக் கண்ணாடி துடைக்க அனுப்பினேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நின்றுகொண்டிருந்தான். அப்போதுதான் அப்படிக் கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குப்பா திட்டணும்? நடந்தது நடந்துபோச்சு" என்றேன். "முன்னாடியெல்லாம் திட்டுவீங்க, அஞ்சு நிமிசத்துல டீ சொல்லுவீங்க. அதோட முடிஞ்சுரும். இப்ப ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க. மனசுல என்ன வச்சிருக்கீங்கன்னே தெரியல. பயமா இருக்குண்ணே."

நான் செய்தது சரிதான் என்று அன்று ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே" என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். கலாத்தியரில் ஆவியின் கனிகளைச் சொல்லும்போது நீடிய பொறுமையும் சாந்தமும் இருக்கின்றன. திட்டு வாங்கிப் பழகியவனுக்கு அமைதி புதிது, பயப்படத்தான் செய்வான். அவன் பழக்கத்துக்காக நான் பழைய ஆளாகிவிட முடியுமா?

ஆனால் அதே ரோமர் 12-இல் ஏழு வசனம் தள்ளி, "உங்கள் அன்பு மாயமற்றிருப்பதாக" என்று இருக்கிறது. அது என்னைத் தூங்கவிடவில்லை. என் குரல்தான் தணிந்திருந்தது. உள்ளே, 'இனி இவனை நம்பிக் கலவையைக் கொடுக்கக் கூடாது' என்று தீர்ப்பு எழுதி முடித்திருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்தக் கல்லில்கூட வண்ணம் மேலே மெல்லிய ஒரு தளம்தானே, பின்பக்கம் வெறும் சாம்பல் சிமெண்ட்.

அப்படியானால் என் மாற்றம் பொய்யா? அப்படிச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. நான் கத்திய காலத்தில் ஒரு பையன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனான். அவன் முகம் எனக்கு மறக்கவில்லை. கத்துவதை அன்பு என்று இன்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும், ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில், குற்றம் பிடிக்கக் காத்திருந்தவர்கள் நடுவே சூம்பின கையுள்ளவனைக் குணமாக்கும்போது இயேசு "கோபத்துடனே சுற்றிலும் அவர்களைப் பார்த்து" என்று மாற்கு 3:5 சொல்கிறது. அதோடு சேர்த்து, அவர்களுடைய இருதயகடினத்துக்காக அவர் விசனப்பட்டார் என்றும் சொல்கிறது. அவருடைய கோபத்துக்குள் துக்கம் இருந்தது. என் அமைதிக்குள் அந்தத் துக்கம் இருந்ததா? கலவையைக் கெடுத்த பையன் தன் தப்பை நினைத்து வெந்துகொண்டிருந்தபோது, நான் சமாதானமாக இருக்கிறேன் என்பதிலேயே எனக்கு ஒரு திருப்தி. சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும் என்று எபேசியர் நிருபம் சொல்வது, எரிச்சல் இருந்ததே தெரியாதபடி மூடிவைக்கவா?

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, அந்தக் கல்லையெல்லாம் அடுக்கிக் காட்டி, எவ்வளவு நஷ்டம், வீட்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. அவனும் விடவில்லை. "தராசு சரியில்லன்னு ஒங்ககிட்ட முன்னாடியே சொன்னேன்ல?" என்றான். சொல்லியிருந்தான்தான். தராசை மாற்றினேன், கலவையைத் திரும்ப அவனிடமே கொடுத்தேன்.

அன்று நான் கோபப்பட்டது பழைய சுபாவமா, புதிய மனதா? பாஸ்டரிடம் கேட்கலாம் என்று பார்க்கிறேன், கேட்க வாய் வரவில்லை. அவன் மட்டும் இப்போது என்னைப் பார்த்துத் தைரியமாகப் பேசுகிறான்.